லாக் பண்ணிடலாமா?

டிவி வினாடி வினாவைக் கணினி விளையாட்டாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கேள்விகளைக் குவிப்பதில்தான் மெனக்கெடுகிறார்கள். கேள்வியை யார் வேண்டுமானாலும் குவிக்கலாம். நாம் விடையைச் சொன்ன பிறகு, அது சரியா தப்பா என்று தெரியவருவதற்கு முன், நம்மை எவ்வளவு நேரம் தவிக்கவிடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. கணினிக்கு விடை முன்பே தெரியும். விசையைத் தொட்ட மறுகணமே அது கொட்டிவிடப் பார்க்கும். அதற்கு நிதானம் கற்றுக்கொடுத்தவர்கள் மிகச் சிலர்.

1998 செப்டம்பரில் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' அந்தத் தவிப்பை இசையாலும் ஒளியாலும் கட்டியது. கீத் ஸ்ட்ராக்கனும் அவர் மகன் மேத்யூவும் அமைத்த பின்னணி இசை, தொகை பெரிதாகப் பெரிதாக, கேள்விக்குக் கேள்வி அரை சுரம் மேலே ஏறும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, வயிற்றைப் பிசையும். அடுத்த ஆண்டே அது கணினிக்கு வந்தது. அமெரிக்கப் பதிப்பைச் செய்த ஜெல்லிவிஷன் சிகாகோ நிறுவனம். 1995-இல் 'யூ டோன்ட் நோ ஜாக்' என்ற குறும்புக்கார வினா விளையாட்டைத் தந்தவர்கள். மூன்று பேர் ஒரே விசைப்பலகையில் முட்டிக்கொண்டு ஆடுவது அது. Q, B, P என்று ஆளுக்கொரு விசை.

அவர்கள் முறை எளிமையானது: ஒரு நேரத்தில் ஆடுபவருக்கு ஒரே ஒரு வேலை. நீங்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால், அதற்கும் ஒரு வசனம் தயாராக இருக்கும். முன்கூட்டியே பதிவு செய்த குரல் துண்டுகள்தான், ஆனால் எதிரில் ஒரு ஆள் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். மில்லியனருக்கு அமெரிக்கத் தொகுப்பாளர் ரெஜிஸ் ஃபில்பினின் குரலைக் கையில் கொடுத்ததும் அதே வித்தையை இறக்கினார்கள். இதற்குப் பத்தாண்டு முன், 'ஜெப்பர்டி' என்ற அமெரிக்க டிவி வினாடி வினாவிலிருந்து வந்த கணினி விளையாட்டுகளை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே விடையை எழுத்தெழுத்தாக உள்ளிட வேண்டும். பொது அறிவுப் போட்டி எழுத்துக்கூட்டல் பரீட்சையாகிவிட்டது.

நாட்றாம்பாளையம் போன்ற ஊருக்கு இதில் ஒரு கொடுப்பினை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி மலைப்பக்கம், கர்நாடக எல்லையோரம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். 2012-இல் இந்தப் பக்கம் விஜய் டிவியில் சூர்யா மில்லியனரின் தமிழ் வடிவமான 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தினார். சில நாள்களிலேயே அந்தப் பக்கம் சுவர்ணா டிவியில் புனித் ராஜ்குமார் அதன் கன்னட வடிவமான 'கன்னடத கோட்யாதிபதி'யைத் தொடங்கினார். அதே அரங்கு, அதே நீல வெளிச்சம், அதே நான்கு விடைகள். சேனல் மாற்றினால் தெரியும், மொழியைத் தவிர மாறுவது மௌனம் மட்டும்தான். சூர்யா காத்திருக்கும்போது போட்டியாளருக்காகக் கொஞ்சம் பதறுவார். புனித் சிரித்துக்கொண்டே காக்கவைப்பார். என் ஓட்டு புனித்துக்கு.

வீட்டிலிருப்பவனையும் ஆடவைக்கும் ஆசை இந்தியாவில் செல்போன் வழியாகவும் வந்தது. 2007-இல் ஷாருக் கான் நடத்திய, மில்லியனரின் இந்தி வடிவமான 'கௌன் பனேகா கரோட்பதி'யில் (கேபிசி) நேயர்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பிப் போட்டியிட்டார்கள். ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. அது நுகர்வோர் ஆணையம், உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக்கதை. 2017-இல் ஜியோ வழியாக 'ப்ளே அலாங்' வந்தது. கேபிசி-யில் அமிதாப் பச்சன் கேட்கும் அதே நேரத்தில் கைப்பேசியிலும் கேள்வி வரும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதில் விளையாட்டுக்கு என்று சொந்த மூச்சு இல்லை. அமிதாபின் மூச்சை இரவல் வாங்கிக்கொள்கிறது. மற்றபடி நீல அறுகோணக் கட்டங்களை அப்படியே நகலெடுத்த தமிழ் ஆப்கள் உண்டு. தொட்டதும் பச்சை, தொட்டதும் சிவப்பு, நடுவில் ஒரு விளம்பரம். ரசிக்க எதுவுமில்லை.

நான் மெச்சும் தழுவல் கடையில் கிடைப்பதில்லை. பள்ளி ஆசிரியர்கள் பவர்பாயின்ட்டில் செய்கிறார்களே, அது. கேள்வி ஒரு ஸ்லைடு, விடை அடுத்த ஸ்லைடு. இரண்டுக்கும் நடுவே மவுஸ் மேல் ஆசிரியரின் விரல். அவர் எப்போது அழுத்துவார் என்பது அவருக்கே தெரியாது. வகுப்பின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். "லாக் பண்ணிடலாமா?" என்று டிவி தொகுப்பாளர்போலக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கன்னடத்தில் முந்திக்கொள்ளும். ஜெல்லிவிஷன் பணம் செலவழித்துச் செய்த பாவனை இங்கே நிஜமாகவே நடக்கிறது.

இன்னொரு வசதி, கேள்வி பழசாவதில்லை. 1999-இல் சிடியில் அடைத்த விடை 1999-இலேயே நின்றுவிடும். இந்த மாவட்டத்தில் அது கட்டுபடியாகாது. கிருஷ்ணகிரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் 2004-க்கு முன் தருமபுரி. காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை டி.எம்.சி. திறந்துவிட வேண்டும் என்றால், 2007-இல் நடுவர் மன்றம் சொன்னது 192, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆக்கியது 177.25. ஆசிரியர் ஸ்லைடைத் திறந்து எண்ணை மாற்றிவிடுகிறார். விவரமானவர் 192-ஐ நீக்கமாட்டார், தவறான விடைகளில் ஒன்றாக 'ஆ'வில் வைப்பார்.

தவறான விடை எழுதுவதும் ஒரு கைவேலைதான். அந்தத் தண்ணீரை எங்கே அளக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மேட்டூர், ஒகேனக்கல், பிலிகுண்டுலு, கிருஷ்ணராஜசாகர் என்று கொடுத்தால், வெளியூர்ப் பையன் ஒகேனக்கல்லில் விழுவான். அருவியைப் பார்த்திருப்பான் அல்லவா. நாட்றாம்பாளையத்துப் பிள்ளைக்குப் பிலிகுண்டுலு பக்கத்து ஊர், கேள்வி முடியும் முன்பே கை தூக்கிவிடும். அப்போது ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையைப் பார்க்காததுபோல் இருந்து, மற்ற மூன்று விடைகளையும் மெதுவாக, ஒவ்வொன்றாகப் படிப்பது.