தலையைத் திருப்புவது யார்?

கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலைக் கோயிலுக்குள் நிற்பவர்கள் அடுத்தடுத்து இரண்டு காட்சிகளைப் பார்க்கிறார்கள். ஆறு மணியை ஒட்டி அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வருகிறார். ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டும். உடனே 2668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏறுகிறது. ‘அரோகரா’ என்ற குரலோடு மொத்தக் கூட்டமும் தலையைத் திருப்பி அண்ணாந்து பார்க்கிறது. வீட்டில் நேரலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவள் தலையை வேறொருவர் திருப்பிவிடுகிறார். பாதி ஆணும் பாதி பெண்ணுமான அந்த உருவத்தை எத்தனை நொடி காட்டுவது, எப்போது மலைக்குத் தாவுவது, நடுவில் கூட்டத்தில் யார் முகத்தைக் காட்டுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார்.

இந்த ஊர் மாணவியரோடு சினிமா பற்றிப் பேசும்போது இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘கட்’ என்பது தலையைத் திருப்புவது. குளோசப் என்பது கிட்டே போய் நிற்பது. லாங் ஷாட் என்பது தள்ளி நின்று, ஆள் நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது. கேமராக் கோணம் என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பது. தினமும் நாம் கண்ணாலும் காலாலும் செய்கிற காரியங்கள்தான். சினிமாவில் இவற்றை நமக்காக இன்னொருவர் செய்கிறார். அந்த இன்னொருவர் தமிழ் சினிமாவில் பெரும்பாலும் ஆண் என்பதில்தான் என் விமர்சனம் தொடங்குகிறது.

ஒரு படம் பெண்ணுக்கு ஆதரவானதா, எதிரானதா என்று கேட்டால் நாம் கதையைச் சொல்கிறோம், வசனத்தைச் சொல்கிறோம். ‘கடைசியில் அவன் திருந்திவிடுகிறான்’ என்கிறோம். கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேமரா வேறொன்றைச் சொல்ல முடியும் என்பதை விட்டுவிடுகிறோம்.

முதலில் கட். 1920 வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, அதை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை. பார்த்தவர்கள் அதே முகத்தில் ஒருமுறை பசியையும் ஒருமுறை துக்கத்தையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே இல்லாத ஒரு பொருளைப் பார்வையாளரின் மனம் தானாக உண்டாக்கிக்கொள்கிறது.

இதை நம் காதல் பாடல்களோடு வைத்துப் பாருங்கள். நாயகன் ஒரு பெண்ணைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை பின்தொடர்கிறான். கேமரா அவன் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் முறைக்கிறாள். கட். அவன் சிரிக்கிறான். கட். அவள் திரும்பி நடக்கிறாள், உதட்டோரம் ஏதோ அசைகிறது. கட். இசை எழும்புகிறது. அவள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சம்மதத்தை எடிட்டிங் மேசையில் தயாரித்திருக்கிறார்கள். அதே காட்சியை அவள் முன்னால் கேமராவை வைத்து, பின்னால் நெருங்கி வரும் காலடி ஓசையை மட்டும் கேட்கும்படி எடுத்தால், காதல் படம் அந்த நொடியே திகில் படமாகிவிடும். சம்பவம் ஒன்றுதான். கேமரா நிற்கும் இடமும் ஒலியும் மாறினால் போதும்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தமிழ் சினிமா பின்தொடர்தலைக் காதலாகக் காட்டுவது பற்றிப் பரவலாக விவாதித்தார்கள். ஒரு படம் ஒரு கொலையைச் செய்வித்தது என்று நான் சொல்லவில்லை. முறைப்பதும் ஒதுங்குவதும் ‘ஆமாம்’ என்பதன் இன்னொரு வடிவம் என்று வாசிக்க இத்தனை ஆண்டுகளாக நம் கண்கள் பழக்கப்பட்டிருக்கின்றன என்கிறேன். பழக்கியதில் வசனத்தைவிடக் கட்டுக்குப் பங்கு அதிகம்.

அடுத்து, கேமராவின் இடம். 1975இல் லாரா மல்வி தன் புகழ்பெற்ற கட்டுரையில் மூன்று பார்வைகளைப் பிரித்துக் காட்டினார்: கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, படத்துக்குள் இருக்கும் பாத்திரங்களின் பார்வை. இம்மூன்றும் ஆணின் கண்ணில் வந்து சேரும்போது பெண் பார்க்கப்படும் பொருளாக மிஞ்சுகிறாள் என்பது அவர் வாதம். நம் பாடல் காட்சிகளில் இடுப்பு தனி ஷாட், கண் தனி ஷாட், கால் தனி ஷாட். நாயகன் மட்டும் முழு உருவமாக நடந்து வருகிறான். அதைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் நாமும் அவன் கண்ணைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

1978இல் வெளிவந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ இந்தப் பழக்கத்திலிருந்து விலகிய கறுப்பு வெள்ளைப் படம். ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சுவின் முகத்தில் கேமரா பொறுமையாகத் தங்குகிறது. அந்த முகத்தில் கோபம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, நம்மை மகிழ்விக்க வேண்டும் என்ற கவலை இல்லை. கமல்ஹாசன் நடித்த அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவன். அதாவது கேமராவைக் கையில் வைத்திருப்பவன் நல்லவனாகவே இருந்தாலும் அவளைப் புரிந்துகொள்வான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று படமே சொல்கிறது. முடிவில் அருணும் அவன் புது மனைவியும் காரில் போய்விட, மஞ்சு சாலையில் நிற்கிறாள். நாம் அவளோடு நிற்பதில்லை. நகரும் காரோடு நகர்கிறோம், அவள் தூரத்தில் சிறுத்துப்போகிறாள். தமிழில் பெண்ணைப் பற்றி எடுக்கப்பட்ட மிக நேர்மையான படங்களில் ஒன்றுகூட, கடைசியில் அவளை விட்டுப் போகிறவர்களின் இருக்கையில்தான் நம்மை உட்கார வைக்கிறது. அது இயக்குநரின் குற்ற ஒப்புதலாகவும் இருக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

மூன்றாவது, நேரமும் ஒலியும். ஜியோ பேபியின் மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021 ஜனவரியில் வந்தபோது, ‘இதில் என்ன கதை இருக்கிறது, சமைத்துக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று சலித்துக்கொண்ட ஆண்களை எனக்குத் தெரியும். அவர்கள் படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சலிப்புதான் படத்தின் பொருள். காய் நறுக்குவது, அரைப்பது, பரிமாறுவது, மேசையில் துப்பிவைத்த சக்கையை அள்ளுவது, ஒழுகும் தொட்டிக் குழாய்க்கு அடியில் தேங்கும் அழுக்கு நீர். மறுநாள் மறுபடி அதே ஷாட்டுகள். வழக்கமான படம் ஒரு பெண்ணின் சமையலறை உழைப்பைக் காபி டம்ளரோடு அவள் வெளியே வரும் ஒரு ஷாட்டில் முடித்துவிடும். எடிட்டிங் என்பது தேவையில்லாததை வெட்டுவது என்றால், இத்தனை காலம் வெட்டப்பட்டது நம் அம்மாக்களின் வாழ்நாள். இந்தப் படம் அதை வெட்டாமல் வைத்தது. பின்னணி இசையையும் பெரும்பாலும் ஒதுக்கியது. அதனால் பாத்திரங்களின் ஓசையும் தண்ணீர் ஒழுகுவதும் காதில் விழுந்தன. சோகமான வயலின் ஒன்று வந்திருந்தால் நாம் அவளுக்காக இரங்கிவிட்டு எழுந்து போயிருப்போம்.

இதற்கு முன்னோடி உண்டு. 1975இல் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அகெர்மான் ‘ஜீன் டீல்மான்’ படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை அசையாத கேமராவில் முழு நேரமும் காட்டினார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவாளரும் ஒரு பெண், பாபெத் மங்கோல்ட். 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றது.

அண்மைப் படம் ஒன்றோடு முடிக்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024). மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பம் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. அவள் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு காதல், அதில் சாதி இருக்கிறது. பின்னணி இசை கிடையாது. அன்னா பென் நடித்த மீனா படம் முழுக்கக் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. சுற்றியிருப்பவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். இங்கே மௌனம் அடக்கத்தின் அடையாளமாக வரவில்லை, எதிர்ப்பாக வருகிறது. கேமரா அவள் முகத்துக்குத் திரும்பும்போதெல்லாம் அதைப் பார்க்கிறோம்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. சாமியாடி இன்னொரு பெண்ணைக் கையாளும் விதத்தைக் கடைசியில் பாண்டி பார்க்கிறான், தடுமாறுகிறான். என்ன முடிவெடுப்பான் என்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் நாம் இருப்பது பாண்டியின் பக்கத்தில். முடிவெடுக்கும் அதிகாரம் அவனிடம்தான் இருக்கிறது என்ற உண்மையைப் படம் மறைக்கவில்லை, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் திறந்த முடிவு யாருக்குத் திறந்திருக்கிறது? மனம் மாறும் வாய்ப்பு பாண்டிக்கு. காத்திருப்பது மீனாவுக்கு. அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்த நேரம் எப்படி நகர்ந்தது என்று நமக்குக் காட்டப்படவில்லை.

தமிழின் முதல் பெண் இயக்குநர் டி.பி. ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’வை எடுத்தது 1936இல். பி.ஆர். விஜயலட்சுமி ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்து இந்தியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பெயர் பெற்றது 1985இல். கேமராவுக்குப் பின்னால் பெண் நின்றாலே பார்வை மாறிவிடும் என்பதில்லை, ‘சின்ன வீடு’ அதற்குச் சான்று. கருவி கைக்கு வந்தபின் பழகிய கண்ணையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்கு மாணவியருக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்று. உங்களுக்குப் பிடித்த பாடல் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டிலும் நிறுத்தி, இது யார் நின்று பார்க்கும் இடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: அவன், அவள், யாருமில்லை. கடைசியில் ‘அவள்’ எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு, அதே காட்சியை அவள் நின்ற இடத்திலிருந்து எடுங்கள்.