கணக்கில் வராத வேலையிழப்பு: கடலூரிலும் கொழும்பிலும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டார் அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். இன்னொரு வீட்டில் தனியாக இருந்த பாட்டி காலமாகி, வீடு பூட்டப்படுகிறது. ஒரே மாதத்தில் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆனால் அரசின் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர்தான். வாராந்திர நிலையைப் பார்க்கும் இந்தியத் தொழிலாளர் கணக்கெடுப்பு, அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே ஒருவரை வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்கிறது. இலங்கையின் தொழிற்படை மதிப்பீடும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் படும் வேலையில்லாத் திண்டாட்டம் இரு நாட்டு அறிக்கைகளிலும் தெரியாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இந்த வேலை பெரும்பாலும் 'வீட்டுக் கணக்கு' வேலை. திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், சிதம்பரத்தின் நான்கு வீதிகள், அண்ணாமலை நகர் என்று எங்கு பார்த்தாலும் காலையில் வந்து, இரண்டு மூன்று வீடுகளை முடித்துவிட்டு, மதியம் தம் வீடு திரும்பும் பெண்களே அதிகம். வயல் வேலை சுருங்கச் சுருங்க, சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வருவோர் கூடினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினம், கிள்ளை போன்ற கரையோர ஊர்களை அடித்தது. 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2015இல் வெள்ளம் வந்தது. மீனும் முந்திரியும் வயலும் கைவிடும்போதெல்லாம், முதலீடு கேட்காத, படிப்பு கேட்காத வேலையாக வீட்டு வேலை மட்டுமே எஞ்சுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின், பஸ் காசுக்குப் பயந்து தூர வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. இது சின்ன மாற்றமில்லை.

இலங்கையில் இந்த வேலையின் அச்சே வேறு. மலையகத் தோட்டங்களிலிருந்தும் தூரக் கிராமங்களிலிருந்தும் தரகர் மூலம் கொழும்பு, கண்டி வீடுகளுக்குப் போய், அங்கேயே தங்கி வேலை பார்ப்பதே நெடுங்கால வழக்கம். பகலில் வந்துபோகும் வேலை இப்போது கூடிவருகிறது என்றாலும் பழைய அச்சு இன்னும் உடையவில்லை. தங்கி வேலை செய்பவருக்கு வேலை போனால் படுக்கிற இடமும் அன்றே போகிறது. சிதம்பரத்துப் பெண் ஒரு வீட்டை இழந்தால் கையில் இன்னும் இரண்டு வீடு இருக்கும். கொழும்பில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு இருப்பதே ஒரு வீடுதான். கதவுக்கு உள்ளே நடப்பதும் வெளியே தெரியாது. 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த மலையகத்து டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது மலையகமே தெருவுக்கு வந்தது. எத்தனை பிள்ளைகள் இப்படித் தோட்டத்து லயத்திலிருந்து (வரிசைக் குடியிருப்பிலிருந்து) வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள் என்ற கேள்வியை நாடு அப்போதுதான் உரக்கக் கேட்டது.

இலங்கைப் பெண்ணுக்கு இரண்டாவது வழி ஒன்று உண்டு: மத்திய கிழக்கு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. பணிப்பெண்கள் அனுப்பும் பணம் அந்நாட்டின் அந்நியச் செலாவணிக்கே முதுகெலும்பாகிவிட்டது. பணிப்பெண்ணாகப் போயிருந்த மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2013 ஜனவரி 9 அன்று சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதே ஆண்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் பணிப்பெண்ணாகப் போகத் தடை வந்தது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்று, பணவீக்கம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. உள்ளூர் வீடுகள் ஆள் வைக்க வக்கில்லாமல் போன அந்த ஒரே ஆண்டில், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் ஆணும் பெண்ணுமாக 3 லட்சத்துக்கு மேல். இந்தியாவோ, வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றும், அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகவே போக வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. அதனால் இங்கே வேலையிழப்பு டவுனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அங்கே அது விமானம் ஏறிவிடுகிறது.

சட்டத்தில் தமிழ்நாடு ஓரடி முன்னே நிற்கிறது. 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே நல வாரியம் அமைந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை அறிவிக்கப்பட்டது. தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் முப்பது நாள் என்று ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 45 மணி நேரம். 37 ரூபாய் வீதம் 1,665 ரூபாய். உங்கள் வீட்டில் கொடுக்கும் சம்பளத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது 2018ஆம் ஆண்டுக் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். இலங்கையிலோ, வீட்டுப் பணியாளருக்கென்று இருக்கும் பழைய சட்டம் 1871ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். வேலையாளைப் பதிவு செய்து கண்காணிக்க ஆங்கிலேயர் போட்ட சட்டம் அது. அவரைக் காக்க வந்ததன்று. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வீட்டுப் பணியாளரை விலக்கியே வைத்தது. ஊழியர் சேமலாப நிதியும் அவருக்கு எட்டாதது.

ஆனால் இலங்கையிடம் கற்க ஒன்று உண்டு. செங்கொடிச் சங்கத்தின் மேனகா கந்தசாமி போன்றோர் முன்னின்று 2012இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே ஒரு தொழிற்சங்கத்தைத் தொடங்கினார்கள். சட்டம் கதவடைத்த இடத்தில் பெண்கள் தாமே கூடி, வேலை ஒப்பந்தம் வேண்டும், விடுமுறை நாள் வேண்டும் என்று கேட்டார்கள். நம் ஊரில் வாரியம் இருக்கிறது. அதில் பதிந்து, தவறாமல் புதுப்பிக்கும் பழக்கம் நான்கு வீதிகளிலும் வேரூன்றவில்லை. பதியாதவருக்கு ஓய்வூதியமும் இல்லை, பிள்ளையின் படிப்புக்கு உதவியும் இல்லை.

இரு நாடுகளும் ஒன்றாகத் தவறிய இடம், 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நிறைவேறிய, வீட்டுப் பணியாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் இலக்க உடன்படிக்கை. வாரத்தில் முழுதாக ஒரு நாள் ஓய்வு, எழுத்தில் தெரியும் வேலை நிபந்தனை, மற்றத் தொழிலாளருக்குக் குறையாத பாதுகாப்பு என்று அது கேட்பவை எளியவை. இந்தியாவும் ஏற்புறுதி அளிக்கவில்லை, இலங்கையும் அளிக்கவில்லை. 2025 ஜனவரி 29 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் தேவையா என ஆராய ஒரு குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தச் சட்டம் வருமானால், ஒரு வீடு நின்றுபோகும்போது முன்னறிவிப்பும் ஒரு மாதச் சம்பளமும் கட்டாயம் என்ற விதி அதில் இருந்தே ஆக வேண்டும். கணக்கெடுப்பில் 'எத்தனை வீடு, எத்தனை மணி நேரம், போன மாதம் எத்தனை வீடு நின்றது' என்ற மூன்று கேள்விகளும் சேர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஊருக்குப் போகும் ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். வேலையை நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் கூட இருந்து பதிந்து கொடுங்கள்.