அங்கதமும் நீர்வண்ணமும்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுத்தார் தொல்காப்பியர். வெளிப்படையாக வைவது முன்னது. பழியை உள்ளே மறைத்துக் கூறுவது பின்னது. செய்யுளுக்கு வகுத்த இப்பாகுபாடு ஓவியத்துக்கும் பொருந்துமென்பதை, ஐரோப்பியப் புனைவியற் காலத்தில் எழுந்த இரு நூல்களின் படங்கள் காட்டும். இந்தியாவில் வாழ்ந்த கும்பனியாரை எள்ளி நகையாடுவதே இரண்டின் பொருளுமாகும்.

முதலாவது, 1816 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த 'கோயீ ஹை' என்பானின் கதை. ஏவலரைக் கூவியழைக்கும் இந்துஸ்தானித் தொடரே வங்காளத்து ஆங்கிலேயருக்குப் பட்டப்பெயராயிற்று. அச்செய்யுட் கதைக்குப் படம் வரைந்த தோமஸ் றோலண்ட்சன் இந்தியாவைக் கண்டறியாதவர். பேனாவால் விரைந்து கோடிழுத்து, அதன்மேல் மென்னிறங்களைப் படரவிடுவது அவர்தம் முறை. அச்சுத் தகட்டிற் பதிந்த படங்களுக்கும் கையாலேயே வண்ணந் தீட்டப்பட்டது. அவர் கோடு இரக்கமற்றது, நிறமோ இனியது. மகாதேசாதிபதியும் மதபோதகரும் அவர் நகைக்குத் தப்பவில்லை. இது செம்பொருள் அங்கதம்.

மற்றையது, 1828 இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'டொம் றோ'. அதனை ஆக்கிய சேர் சாள்ஸ் டொயிலி (1781–1845), கண்டி வரலாற்றில் இடம்பெறும் ஜோன் டொயிலி அல்லர். வங்காளத்திற் பிறந்து, கும்பனியில் உயர்பதவி வகித்து, ஜோர்ஜ் சின்னரியிடம் ஓவியம் பயின்றவர். புதிதாக வந்திறங்கிய இளம் படையாளின் பேதைமையே அவர் எடுத்த பொருள். அவன் தன் உருவத்தை ஓவியர்முன் அமர்ந்து வரைவிப்பதும், கல்கத்தாவின் ஆடம்பரக் கடையிற் புகுவதும் அமைதியாகவே தீட்டப்பட்டுள்ளன. சிரிப்பு உருச்சிதைவிற் பிறக்கவில்லை. பகட்டான சூழலுக்கும் எளிய மதிக்கும் உள்ள முரணிற் பிறக்கின்றது. இது பழிகரப்பு.

கோட்டின் ஆற்றலில் றோலண்ட்சனே மேலானவர். கண்டதைக் காட்டும் வாய்மையில் டொயிலி விஞ்சுகின்றார். எனினும் இருவர்க்கும் பொதுவான எல்லையொன்றுண்டு. ஆள்வோரின் ஒழுக்கத்தை அவர்கள் நகைத்தனர். ஆளும் உரிமையை ஐயுறவில்லை. அவ்வுரிமையை மறுத்து, 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் போன்றோர்க்கு அந்நகையுலகில் இடமில்லை. ஏவலன் அழைப்புக்கு ஓடிவருவான். அவன் உள்ளத்தில் எழுந்த நகை எது என்பதைத் தூரிகை வினவவில்லை. வீட்டாரைத் திருத்தும் அங்கதம் வேறு. வீடு யாருடையது எனக் கேட்கும் அங்கதம் வேறு. முன்னதன் சிறந்த சான்றுகளாகவே இப்படங்கள் மதிக்கத்தக்கன.