நல்லவர்தான்... ஆனா டெபாசிட்?

தேர்தல் தேதி அறிவித்தால் போதும், படித்தவர்கள் வீட்டு ஹாலில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். ‘இந்தக் கட்சிக்காரங்களை எல்லாம் ஓரங்கட்டிட்டு, அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நல்ல ஆளு வரணும் சார்!’ நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சரி, அப்படி ஆள் வந்தபோது என்ன நடந்தது?

ரொம்ப தூரம் போக வேண்டாம். நெல்லைச் சீமையிலேயே உதாரணம் இருக்கிறது. 2011-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். முன்னால் நின்றவர் சுப.உதயகுமாரன். படித்தவர், அஹிம்சை பேசுகிறவர், எந்தக் கட்சியிலும் வளர்ந்தவர் அல்ல. நாம் கேட்கிற அத்தனை லட்சணமும் உண்டு. 2014-ல் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்றார். ஜெயித்த பொன்.ராதாகிருஷ்ணனுக்கு 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். இவருக்குச் சுமார் 15 ஆயிரம். 2016-ல் அணு உலை இருக்கிற ராதாபுரத்திலேயே சட்டசபைக்கு நின்றார். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். இரண்டு முறையும் திரும்பவில்லை.

உடனே நாம் ஒரு தீர்ப்பு எழுதிவிடுவோம். ‘ஜனங்க காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறாங்க, உருப்படாது!’ காசு கொடுக்கிறார்கள் என்பது நிஜம். ஆனால், அதோடு கணக்கை மூடிவிடுவது சோம்பேறித்தனம்.

ஆழ்வார்குறிச்சி மாதிரி ஓர் ஊரை யோசித்துப் பாருங்கள். ஒரு வயதான அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் திடீரென்று நின்றுபோகிறது. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தும் பதில் இல்லை. கடனா நதிக் கால்வாயில் தண்ணீர் கடைசி வயல் வரை வரவில்லை. பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், காலேஜில் நாளைக்குக் கடைசி நாள். இவர்கள் யாரிடம் போவார்கள்? தெருவிலிருக்கிற கட்சிக் கிளைச் செயலாளரிடம்தான். அவர் யோக்கியரா என்று யாரும் விசாரிப்பதில்லை. கூப்பிட்டால் போனை எடுப்பாரா, கூட வருவாரா என்பதே கேள்வி. வெளியிலிருந்து வருகிற நல்லவரிடம் அந்த அம்மா மனசுக்குள் கேட்பது இதுதான்: ‘நீங்க நல்லவுகதான் அண்ணாச்சி. எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் எங்க இருப்பீக?’

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரை நோட்டீஸில் எத்தனை பட்டம் போட்டாலும் பிரயோசனமில்லை.

இதில் கட்சிக்காரர்களைப் பாராட்ட ஒன்றுமில்லை. உரிமையாக வீடு தேடி வரவேண்டிய சான்றிதழை, சிபாரிசு செய்து வாங்கித் தருகிற சலுகையாக மாற்றி வைத்திருப்பதே அவர்கள்தானே! பூட்டைப் போட்டவரே சாவி வைத்திருக்கிறார். அந்த அம்மா ஓட்டுப் போடுவது சாவிக்கு.

கட்சிக்காரர்களிடம் இன்னொரு சரக்கும் உண்டு. அது தொழில் ஞானம். 2016-ல் அதே ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது வெறும் 49 ஓட்டில். தலைமையாசிரியர் சான்றளித்த 203 தபால் ஓட்டுகள் செல்லுமா, செல்லாதா என்று உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. எண்ணுகிற மேஜைக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஏஜென்ட் இல்லாவிட்டால், இப்படி ஒரு சண்டையைப் போடவே முடியாது. பூத்துக்கு ஒரு ஆள் திரட்ட முடியாதவர் அங்கே என்ன செய்வார்?

‘வெளியாள்’ என்பதே ஒரு யோக்கியதை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2021-ல் ஆலங்குளம் தொகுதியில் கிலோக் கணக்கில் தங்க நகை போட்டுக்கொண்டு பிரசாரம் செய்தார் ஹரி நாடார். பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லை. 37 ஆயிரத்துக்கும் மேல் வாங்கி மூன்றாமிடம் வந்தார். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசமோ சுமார் மூவாயிரத்து ஐந்நூறுதான். கட்சி இல்லாத இடத்தில் நேர்மை வந்து உட்காரும் என்று உத்தரவாதமில்லை. சாதியும் உட்காரலாம், பகட்டும் உட்காரலாம்.

அமெரிக்காவில் நடக்கிறதே என்பீர்கள். 1998-ல் மினசோட்டா மாநில கவர்னர் தேர்தலில் ஜெஸ்ஸி வெஞ்சுரா என்ற மல்யுத்த வீரர் இரண்டு பெரிய கட்சிகளையும் தோற்கடித்தார். (அங்கே கவர்னர் என்றால் நம் ஊர் கவர்னர் மாதிரி ஆசாமி இல்லை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முதலமைச்சர் மாதிரி.) கிடைத்தது 37 சதவிகித ஓட்டு. ஆனால், பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. அதற்கு முன்பே அவர் புரூக்ளின் பார்க் என்ற ஊரின் மேயராக 1991 முதல் 1995 வரை வேலை பார்த்தவர். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று ஆரம்பித்தவர். ‘கூப்பிட்டால் வருவாரா?’ என்ற பரீட்சையை அங்கேயே எழுதிவிட்டார்.

நம் ஊரில் அந்தப் பரீட்சை ஹாலையே பூட்டி வைத்திருந்தார்கள். 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் பேரூராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது. புதியவர் அரசியல் பழகவேண்டிய திண்ணைப் பள்ளிக்கூடம் அது. அதைக் காலி செய்தபோது, ‘நல்லவர் வரணும்’ என்று சொன்ன நம்மில் எத்தனை பேர் கோபப்பட்டோம்?

ஆகவே, அரசியலுக்கு வர நினைக்கிற நல்லவர்களே! வேட்புமனுவோடு வராதீர்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், அந்த அம்மாவின் பென்ஷன் மனுவோடு வாருங்கள். சிபாரிசு இல்லாமல் அந்தப் பணம் வருகிற மாதிரி ஓர் ஆபீசையாவது மாற்றிக் காட்டுங்கள். பூட்டு திறந்துவிட்டால் சாவிக்காரருக்கு மரியாதை தானாகக் குறையும்.

நல்லவரைத் தேடுகிற வாசகரே, உங்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் என்ன?