கவி மறந்த வரிகள்

ராபர்ட் பிரௌனிங்கின் குரலை முதன்முதலாகக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

கல்லூரியில் ஆங்கிலம் படித்த நம்மவர்களில், பிரௌனிங் என்றதும் தலைவலி ஞாபகம் வருகிறவர்கள்தான் அதிகம். உரையாசிரியர் துணையில்லாமல் உள்ளே நுழைய முடியாத கவி என்று பெயர் வாங்கியவர். அந்த மனிதர் 1889 ஏப்ரல் 7-ந் தேதி, லண்டனில் ருடால்ப் லேமன் என்ற ஓவியரின் வீட்டு விருந்தில், எடிஸனுடைய பிரதிநிதி கர்னல் கூரோ கொண்டுவந்திருந்த போனோகிராப் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தப்பட்டார். வயது 76. மூன்று குதிரைவீரர்கள் கெண்ட் நகரத்திலிருந்து நற்செய்தி எடுத்துக்கொண்டு விரைவதாகத் தாம் 1845-ல் வெளியிட்ட பாட்டை உற்சாகமாகத் தொடங்குகிறார். சந்தமே குதிரைப் பாய்ச்சல்தான். சில வரிகள் ஓடுகின்றன. குதிரை இடறுகிறது, எழுந்து இரண்டடி போகிறது, நின்றுவிடுகிறது. நான் எழுதிய பாட்டே எனக்கு ஞாபகம் வரவில்லையே, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்கிறார். ஆனால் இந்த அற்புதக் கருவி உண்டாக்கிய வியப்பை மட்டும் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன் என்று சொல்லி, உரக்கத் தம் பெயரைச் சொல்லுகிறார். ஹுர்ரே முழக்கம். அவ்வளவுதான்.

ஆயுள் உள்ளவரை என்றாரே, அது எட்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் வந்தது என்றே சொல்ல வேண்டும். அந்த டிசம்பர் 12-ல் வெனிஸ் நகரத்தில் காலமானார்.

மறு ஆண்டு, 1890-ல், டென்னிஸன் தம் 80-வது வயதில் இதே இயந்திரத்துக்கு வாசித்தார். கிரிமியா யுத்தத்தில் அறுநூறு குதிரைவீரர்கள் பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்ததைப் பற்றி 1854-ல் எழுதிய பாட்டு. ராகம் போடுகிற மாதிரி இழுத்து, தடங்கலில்லாமல் சொல்லுகிறார். இடையில் எதையோ தட்டுகிற சப்தம். அந்தக் காலத்துக் கவிகள் செய்யுளைப் பேச்சாகச் சொல்லவில்லை, பாதி பாட்டாகவே சொன்னார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய பேச்சுப் பதிவுகளைச் சேகரிக்கிறவர்கள் இதைத் தலையில் வைத்துக்கொண்டு, பிரௌனிங்கை ஒரு வேடிக்கையாக ஓரத்தில் வைப்பதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. டென்னிஸன் வருங்காலத்துக்காக வாசிக்கிறார். பிரௌனிங்கோ, ஒரே நிமிஷத்தில், வாசிப்பிலிருந்து பேச்சுக்கு இறங்குகிறார். அந்த நூற்றாண்டு நாவல்களில் எத்தனை ஆயிரம் பக்கம் சம்பாஷணை படித்திருக்கிறோம்! அந்த மனிதர்கள் அசடு வழிந்தபோது குரல் எப்படி மாறியது, மன்னிப்புக் கேட்கும்போது சொற்கள் எந்த வேகத்தில் விழுந்தன என்று எந்த நாவலாசிரியனும் நமக்குக் காட்டிவிடவில்லை. மறதி காட்டிக் கொடுத்துவிட்டது.

சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டைத் தேடுகிறார்கள்: பெரிய பெயர், தெளிவான ஒலி. இரண்டும் ஆபத்தானவை. வால்ட் விட்மனின் குரல் என்று ஒரு பதிவு உண்டு. அரை நிமிஷத்துக்குச் சற்று மேல்; நான்கு வரி. 1951-ல் அமெரிக்க வானொலியில் ஒலித்த நிகழ்ச்சியின் நாடா இருக்கிறது. மூல மெழுகு உருளையைக் காணோம். எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்ற காகிதம் சரியாக இல்லாததால், அது விட்மன்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உருளையோடு ஒரு துண்டுச் சீட்டைச் சேர்த்து வைக்க எத்தனை சிரமம் ஆகியிருக்கும்?

மெழுகு பொல்லாத பொருள். வெயில் பட்டால் கோணிவிடும். ஈரம் பட்டால் பூஞ்சை அதைத் தின்னும். ஊசி வைத்து ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வரி கொஞ்சம் தேய்கிறது, அதாவது ஆசையாகக் கேட்கிறவனே அழிக்கிறவனும் ஆகிறான். கலிபோர்னியாவில் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தில், ஊசியே தொடாமல், ஒளியால் வரிகளைப் படமெடுத்து ஒலியாக மாற்ற வழி கண்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் வேகத் தகராறு தீராது. ஆரம்பக் காலத்தில் உருளை இத்தனை சுற்றுத்தான் சுற்ற வேண்டும் என்று ஒரு நிலையான கணக்கு இல்லை. 1860-ல் பாரிஸில் ஸ்காட் தெ மார்ட்டின்வில் புகை படிந்த காகிதத்தில் கீறிவைத்த பாட்டை 2008-ல் ஒலிக்கச் செய்தார்கள். யாரோ ஒரு பெண்ணோ குழந்தையோ பாடுவதாக உலகமே உருகியது. அடுத்த வருஷம், வேகத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று தெரிந்தது. பாடியது ஆண்பிள்ளை!

இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று வருகிறவர்களைக் கண்டாலும் எனக்குப் பயம்தான். இரைச்சலோடு மூச்சும் போய்விடுகிறது. நீக்கட்டும், ஆனால் நீக்காததையும் பக்கத்திலேயே வைக்கட்டும். பிரௌனிங்கின் தடுமாற்றத்தை வெட்டி, ஓடிய வரிகளை மட்டும் பிரசுரிக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 1890 டிசம்பர் 12-ல், கவி இறந்த முதலாண்டு நாளன்று, நண்பர்கள் லண்டனில் கூடி அந்த உருளையைப் போட்டுக் கேட்டார்கள். இறந்த ஒருவரின் குரல் பேசியதாகப் பத்திரிகைகளில் வியந்து எழுதப்பட்டது. பிரௌனிங்கின் தங்கை ஸாரியானாவுக்குச் செய்தி எட்டியபோது துடித்துப் போனார். ஆவியை வரவழைக்கிற கூத்துப்போல, இறந்தவரின் குரலை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்களே என்று ஆத்திரப்பட்டார். நமக்கு அது கவியின் குரல், இலக்கியச் சான்று. அவருக்கு அது அண்ணன் தடுமாறிய குரல். அந்த உருளையை உடைத்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆத்திரம் அநியாயம் என்றும் சொல்ல முடியாது. அவருடைய ஆத்திரத்தின் கதையையும் உருளையோடு சேர்த்தே பத்திரப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. அது தெரியாமல் கேட்டதால்தான், முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது.