பார் இல்லாத சைக்கிள்

லேடீஸ் சைக்கிளை முதன்முதலில் செய்தவர்கள் பெண்ணின் உடம்பைப் பார்த்துச் செய்யவில்லை. அவளுடைய உடுப்பைப் பார்த்துத்தான் செய்தார்கள். 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லியின் ‘ரோவர்’ வந்தது. பெரிய சில்லில் தொத்தி ஏறும் பழைய சைக்கிளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொடுத்தார். சைக்கிள் சாதாரணச் சனத்தின் கைக்கு வந்ததும் பெண்களும் ஏறக் கேட்டார்கள். அவர்களுடைய கணுக்கால்வரை நீண்ட பாவாடைக்கு நடுப்பார் தடையாக நின்றது. ஆகவே பாரைக் கீழே வளைத்து இறக்கினார்கள், சங்கிலிக்கு மூடி போட்டார்கள், பின்சில்லின் மேற்பாதிக்கு நூலால் ஒரு வலை பின்னிக் கட்டினார்கள். வேலை அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பாவாடைக்காகச் செய்த அந்தத் திருத்தம் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி மணலுக்கு இவ்வளவு பொருந்திப்போகும் என்று அவர்களில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் ஒரு காலை வேளையில் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மட்டுவில் பக்கமிருந்து ஒரு அக்கா வருகிறார். முன்கூடையில் கத்தரிக்காய், கரியரில் ஒரு சாக்கு. பிறேக்கைப் பெரிதாகத் தொடவில்லை. வேகம் தானாகக் குறைய விட்டு, வலது காலை முன்பக்கத்து இடைவெளியால் எடுத்து இடதுபக்கம் கொண்டுவந்து, இடது பெடலில் மட்டும் நின்றபடி நாலு முழம் வழுகிவந்து, சைக்கிள் நிற்கவும் கால் நிலத்தில் படவும் சரியாக இருக்கிறது. சேலை ஒரு இடத்திலும் சிக்கவில்லை. சாக்கும் ஆடவில்லை. இதையே பார் சைக்கிளில் செய்ய வேண்டுமானால் காலைப் பின்னுக்குத் தூக்கி, கரியரில் இருக்கும் சாமானுக்கு மேலால் சுழற்ற வேண்டும். சாக்கு உயரமாக இருந்தால் அது நடக்காது. சுமையோடு இறங்குவதற்கு லேடீஸ் சைக்கிளைப் போல ஒன்று கிடையாது.

ஏறுவதும் அப்படித்தான். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நிலத்தை இரண்டு உந்து உந்தி, ஓட்டம் பிடித்ததும் சீற்றில் பின்வாங்கி அமர்வது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மகளிர் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக இதைச் செய்வதைப் பாருங்கள். கதை நிற்காது, சிரிப்பு நிற்காது, ஹாண்டில் மட்டும் ஒரு தரம் இடமும் வலமும் சின்னதாக ஆடி நேராகிவிடும். அந்தச் சின்ன ஆட்டத்தில்தான் வித்தை இருக்கிறது. மெதுவாகப் போகிற சைக்கிளை விழாமல் வைத்திருப்பது ஹாண்டிலின் அந்தத் திருத்தங்களே.

இனி மணல். கச்சாய்ப் பக்கத்து ஒழுங்கைகளிலும் வரணிக்குப் போகும் உள்வழிகளிலும் தார் முடிகிற இடத்தில் புழுதி மணல் தொடங்கும். மணலில் சைக்கிளைக் கவிழ்ப்பது முன்சில்லுதான். முன்னுக்குப் பாரம் கூடினால் அது கலப்பைபோல மண்ணுக்குள் இறங்கும், பிறகு ஹாண்டில் தன்பாட்டுக்குத் திரும்பும். பார் சைக்கிளில் குனிந்து ஓடுகிறவரின் பாரத்தில் ஒரு பங்கு கைகள் வழியாக முன்னுக்குப் போய்விடும். லேடீஸ் சைக்கிளின் ஹாண்டில் பின்னோக்கி வளைந்து கைக்குக் கிட்ட வருகிறது. நிமிர்ந்து இருந்தே ஓடலாம். பாரத்தில் பெரும்பங்கு சீற்றின் ஸ்பிரிங்குக்கும் பின்சில்லுக்கும் போகும். முன்சில்லு இலேசாக மணலின் மேலால் தடவிக்கொண்டு போகும். போதாததற்கு முன் போக்கும் நல்லாக முன்னுக்கு வளைந்திருப்பதால் கல்லிலும் வேரிலும் ஏறும் அடியில் கொஞ்சத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். சைக்கிள் கடைக்கார அண்ணை ஒருவர் காற்றடிக்கும்போது சொல்லுவார்: “இறுக்கி அடிக்கச் சொல்லாதேங்கோ தங்கச்சி. தார் றோட்டுக்குத்தான் அது சரி. உங்கட ஒழுங்கைக்குப் பின்ரயர் கொஞ்சம் அமுங்க வேணும்.” அமுங்கிய ரயர் மணலில் அகலமாகப் படியும், புதையாது. எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் சொன்னது முழுச்சரி.

நூல்வலையை இப்போது பலர் கவனிப்பதில்லை. மட்காட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நூல் கிளம்பிச் சில்லின் அச்சுப் பக்கம் வந்து கூடும். விசிறிபோல விரிந்த அந்த நூல்களுக்கும் உள்ளே சுழலும் கம்பிகளுக்கும் இடையில் ஒரு விரல் அகலம்கூட இராது. சேலைத் தலைப்போ தாவணி நுனியோ காற்றில் எழுந்தால் நூலில் பட்டு வழுகித் திரும்பிவிடும். இப்போது வருகிற லுமாலாச் சைக்கிள்களில் நூலுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் தகடோ கம்பியோ இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. பிளாஸ்ரிக் வெடித்தால் கழற்றி எறிவதுதான் வழி. நூல் அறுந்தால் வேறொரு நூலைக் கோத்துவிடலாம். பழையது சிறந்தது என்று எல்லாவற்றுக்கும் சொல்லுகிற ஆள் நானில்லை. இதற்கு மட்டும் சொல்லுவேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. எங்களுக்கு ஏற்றம் என்றால் காற்றுத்தான். சோளகக் காற்று எழுகிற மாதங்களில் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் பக்கம் போகிறவர்களுக்குக் கைதடிவரை பரவாயில்லை, வீடும் வேலியும் பனையும் மறைக்கும். நாவற்குழிப் பாலத்தடிக்கு வந்ததும் கடலேரி திறந்துவிடும். நிமிர்ந்து இருந்த சுகத்துக்கான விலையை அங்கேதான் கட்ட வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. அசைவற்ற காற்றில் மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிறவர் அதே வேகத்தில், மணிக்கு 10 கிலோமீற்றர் வீசும் எதிர்காற்றுக்குள் ஓடினால் காற்று நாலு மடங்கு விசையோடு தள்ளும். நெஞ்சை அகலக் காட்டிக்கொண்டு இருக்கும் லேடீஸ் சைக்கிளுக்கு அது இன்னும் கூட. ஆனால் சில்லும் பல்லும் ஓரளவு கைகொடுக்கும். பார் சைக்கிளின் 28 அங்குலத்துக்குப் பதிலாக இதில் பெரும்பாலும் 26 அங்குலச் சில்லு. முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் இருந்தால், ஒரு முழுச்சுற்று உழக்க ஏறக்குறைய 5 மீற்றர் போகும். அதே பல்லோடு 28 அங்குலச் சில்லு போனால் தூரம் கூடும், உழக்கும் பாரமும் கூடும். காற்றுக்குள் பாரம் குறைந்ததுதான் நல்லது. பாலத்தில் இளவட்டங்கள் எழும்பி நின்று மிதித்துக் களைத்துப்போக, ஒரு ரீச்சர் சீற்றை விட்டு அசையாமல் ஒரே தாளத்தில் அவர்களைக் கடந்து போனதை நான் கண்டிருக்கிறேன்.

எழும்பி நின்று மிதிக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மேற்பாரும் கீழ்ப்பாரும் சேர்ந்து செய்யும் முக்கோணம் இதில் இல்லை, இரண்டும் அருகருகே கீழ்நோக்கி ஓடுகின்றன. அதனால் சட்டம் முறுகும். கரியரில் 50 தேங்காய் ஏற்றிக்கொண்டு கொடிகாமச் சந்தைக்குப் போகிறவருக்கு இது தெரியும்: ஹாண்டிலைத் திருப்பினால் முன்பக்கம் உடனே திரும்பும், பின்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வரும். பழகாதவர் பயந்து ஹாண்டிலை இன்னும் இறுக்கிப் பிடிப்பார், ஆட்டம் கூடும். பழகியவர் கையைத் தளர விட்டு, அமர்ந்தபடி, திருப்பத்துக்கு நாலடி முன்னதாகவே திரும்பத் தொடங்குவார். பொறியியலாளர் இதைக் குறை என்பார். அந்த நெளிவோடு ஓடத் தெரிந்தவரிடம் அது ஒரு அழகு.

பார் இருந்த இடத்தில் கிடைத்த பள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில், பெடலுக்குச் சற்று மேலே இருக்கும் வெற்றிடம். உழக்கும்போது முழங்கால் இடிக்கும் என்பதால் சின்னப் பையொன்றுதான் அங்கே வைக்கலாம். உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு முழு மூட்டையையே நிறுத்தலாம், பாரம் தாழ இருப்பதால் சைக்கிள் சாயாது. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்த அந்த இரவில், நெரிசலுக்குள் ஓட முடியாமல் சைக்கிள்களை எல்லோரும் உருட்டித்தான் கொண்டுவந்தார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத ஊரில் அதற்கு முன்னைய ஐந்து வருடமும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் சாவீட்டுக்கும் போனது சைக்கிள்தான். மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, ரயரோடு உரசும் டைனமோவின் சொற்ப மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்ட வீடுகள் அனேகம். அந்தச் சின்னப் போத்தல் அளவு டைனமோ கொடுப்பது 6 வோல்ட், 3 வாட். செய்தி முடியுமட்டும் சுற்றுகிறவர் வேகத்தை மாற்றக் கூடாது.

பாரை இகழ்ந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். பழகியவர்கள் ஒரு லட்சத்தை எட்டியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆனால் பத்திரிகையாளர் பி. சாய்நாத் போய்க் கேட்டபோது, ஆண்கள் சைக்கிளே நல்லதென்று சொன்ன பெண்களும் அங்கே இருந்தார்கள். பாரில் பிள்ளையை இருத்தலாமே என்பது அவர்களின் நியாயம். மறுக்க முடியாத நியாயம். 1894இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட அமெரிக்கப் பெண் ஆனி லண்டன்டெரியும் இதே முடிவுக்குத்தான் வந்தார். பொஸ்ரனிலிருந்து 42 இறாத்தல் லேடீஸ் சைக்கிளோடு கிளம்பியவர், சிக்காகோவில் அதைக் கைவிட்டு, பாவாடையையும் விட்டு, 21 இறாத்தல் ஆண்கள் சைக்கிளில் ஏறினார். தூரம் போகிறவருக்குப் பாரம் குறைவது முக்கியம். எங்கள் ஒழுங்கையில் 200 யாருக்கு ஒரு தரம் இறங்கிக் கதைத்து ஏறுகிறவருக்கு வேறொன்று முக்கியம்.

கனடாவில் இருக்கும் என் பெறாமகள் பனிமலையில் பலகையில் வழுகி விளையாடுகிறவள். பெண்களுக்கென்று தனிப்பலகை ஏன் என்று கேட்டேன். “எங்கட கால் சின்னன் சித்தி, அதால நடு அகலம் குறைவு. பாரம் குறைவு, அதால பலகை லேசா வளையும்” என்றாள். பாய்ந்து சுழன்று விழுந்தெழும்பும் வித்தைக்கான பலகையாம், இரண்டு முனையும் ஒரே மாதிரி, எந்தப் பக்கமாகவும் போகலாம். உடம்பை அளந்து செய்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் சைக்கிளில் கைப்பிடியின் தடிப்பும் பிறேக்கின் தூரமும் இன்றைக்கும் பல பெண்களின் விரலுக்கு எட்டாது. மாரியில் முலாம் பூசிய றிம் நனைந்தால் கம்பிப் பிறேக் பிடித்தும் பிடிக்காத மாதிரி. மழைக்குள் ஓடுகிற பிள்ளைகள் செருப்பைத் தார் றோட்டில் உரசி நிறுத்துவதை யார் காணவில்லை? உடுப்பைப் பார்த்தவர்கள் கையையும் பார்த்திருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு இந்த வண்டியை விரும்பி வாங்குகிறவர்கள் இப்போது யார் தெரியுமா? முழங்கால் நோவுள்ள ஐயாமார். பாருக்கு மேலால் காலைச் சுழற்ற முடியாத வயதில், மகள் ஸ்கூட்டி வாங்கியதும் சும்மா நின்ற லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். முதலில் வெட்கப்பட்டவர்கள் இப்போது நூல்வலையோடுதான் ஓடுகிறார்கள், வேட்டிக்கும் அது வேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நொட்டிங்காம் ராலியோ பழைய லுமாலாவோ ஒன்று துருப்பிடித்துச் சாய்ந்திருந்தால், பழைய இரும்புக்காரர் வரும்போது எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். செயின் கவரைக் கழற்றி எறியாதீர்கள். சில்லைக் கோணல் எடுத்து, பிறேக் கட்டையை மாற்றி, பின்ரயருக்கு அளவாகக் காற்றடித்துத் தாருங்கள் என்று கடையில் கேளுங்கள். நூல் நீங்களே கட்டலாம்.