இரண்டு கையையும் கேட்கும் வாத்தியம்

கம்பம் பள்ளத்தாக்கில் யாரிடமாவது "கிடார் கத்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வாக்கியத்தில் பண்ணைப்புரம் வந்துவிடும். டீக்கடைக்காரர், பேருந்து நடத்துநர், சின்னமனூர் மருந்துக்கடைப் பையன் என்று எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் சென்னைக்குப் போகிறார்கள். அம்மா சின்னத்தாயி வீட்டிலிருந்த ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்றுக் கையில் கொடுத்து அனுப்புகிறார். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப்பதக்கம், சினிமா ஒலிப்பதிவுகளில் கிடார் வாசிப்பு, பிறகு 1976இல் 'அன்னக்கிளி'. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்களின் முகத்தில் வரும் பெருமையில் எனக்கும் பங்குண்டு. சாதியும் வறுமையும் வாசலை அடைத்து நின்ற ஊரிலிருந்து ஒருவர் மேற்கத்திய இசையின் இலக்கணத்தைக் கையில் எடுத்தது சின்னக் காரியமில்லை.

ஆனால் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது ரேடியோவில் என் மனம் நின்றுவிடுகிறது. கதை சொல்பவர்கள் அந்த இடத்தில் குரலைத் தழைத்து, கண்ணைக் கசக்கி, "தாய்னா தாய்தான்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறிவிடுகிறார்கள். ரேடியோ போன வீட்டில் அன்று சாயங்காலம் என்ன கேட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிராமத்து வீட்டில் அன்றைக்கு ரேடியோ என்பது வேலை முடித்துவிட்டு உட்காரும் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே கச்சேரி. ஒருவர் இசை கற்க இன்னொருவர் இசை கேட்பதை விட்டிருக்கிறார். இதைத் தியாகம் என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிடும் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. பிள்ளைகளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொன்பது வயதில் கிடாரைத் தொட்டவள் நான். பிறந்தது மேகமலையில், ஹைவேவிஸ் பக்கம் ஒரு லைன் வீட்டில். அம்மா இருபத்தேழு வருடம் கொழுந்து பறித்தார். இப்போது சின்னமனூரில் குடியிருக்கிறோம். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு கல்லூரி மாணவன் எனக்கு வாத்தியார். வாரத்தில் இரண்டு நாள், அரை அரை மணி நேரம்.

கிடார் பழகத் தொடங்கும் எல்லோரும் முதலில் சந்திப்பது வலியை. இடது கை விரல் நுனிகளால் கம்பியைப் பலகையோடு அழுத்த வேண்டும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் இங்கே ஃப்ரெட் என்கிறார்கள். ஃப்ரெட்டை ஒட்டி, நகம் இடிக்காமல் அழுத்தினால்தான் சுரம் சுத்தமாக வரும். இல்லையென்றால் தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு கரகரப்பு. நைலான் கம்பியானால் கொஞ்சம் பரவாயில்லை. இரும்புக் கம்பியானால் முதல் வாரத்திலேயே விரல் நுனி சிவந்து, பள்ளம் விழுந்து, சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது எரியும், இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு. எனக்குப் பாத்திரம் தேய்க்கும்போது எரிந்தது. மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறிவிடும். அதன்பிறகு வலி தெரியாது. எல்லாப் பாடப்புத்தகமும் இந்தக் காய்ப்பைப் பற்றி ஆறுதலாக ஒரு பத்தி எழுதுகிறது.

என் விரலை அம்மாவிடம் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இதுக்குப் போயா ரூவா குடுத்துப் படிக்கிற? எஸ்டேட்டுல சும்மாவே காய்ச்சுக் குடுப்பாங்களே" என்றார்.

சிரித்தேன். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு விமர்சனமே இருக்கிறது. பெண்கள் வாத்தியம் கற்க வரும்போதெல்லாம் விரல் நோகும் என்ற கவலை எங்கிருந்தோ வந்துவிடும். சுகன்யா ராம்கோபால் கடம் கற்றுக்கொடுங்கள் என்று விக்கு விநாயக்ராமிடம் கேட்டபோது, பெண்ணுக்கு அது கடினம் என்றுதான் அவர் தயங்கினார். விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா கற்றுக்கொடுக்க முன்வந்ததால் நமக்கு ஒரு பெண் கடக் கலைஞர் கிடைத்தார். கடத்தைத் தட்டினால் நோகும் என்று கவலைப்படும் சமூகம் களை பிடுங்கும் விரலைப் பற்றி, கல் உடைக்கும் கையைப் பற்றி, பனியில் நனைந்த செடிக்குள் காலை முழுக்க நுழைந்து வெளிவரும் கையைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. சின்னமனூரிலிருந்து பதினெட்டு வளைவு ஏறி மேகமலைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் பச்சைக் கம்பளம் என்று வியக்கிறார்களே, இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளிக் கிள்ளி அதை மட்டம் செய்து வைத்திருப்பது பெரும்பாலும் பெண்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். பெண்ணின் விரல் நோகலாமா கூடாதா என்பதில் ஊருக்குக் கருத்து வேறுபாடே கிடையாது. யாருக்காக நோகிறது என்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடுவார்கள். நடவு நடும்போது பாடுகிறார்கள், தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுகிறார்கள், இழவு வீட்டில் மாரடித்துக்கொண்டே பாடுகிறார்கள். தமிழ்ப் பெண்களின் பாட்டு இவ்வளவு செழித்ததைப் பற்றி நாட்டார் வழக்காற்று ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டு எல்லாமே கை வேலையாக இருக்கும்போது பிறந்தது என்பதை நாம் அழுத்திப் படித்ததில்லை. தொண்டைக்குத் தனியாக நேரம் வேண்டாம், காசு வேண்டாம், இடம் வேண்டாம். வேலை நிற்காது. கிடார் அப்படியில்லை. இடது கை கம்பியை அழுத்த வேண்டும், வலது கை மீட்ட வேண்டும். இரண்டு கையையும் அது முழுதாக வாங்கிக்கொள்கிறது. கிடாரை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பிடிக்க முடியாது, அடுப்பைக் கிளற முடியாது, துணி மடிக்க முடியாது. வீட்டில் ஒரு பெண் இரண்டு கையாலும் எந்த வேலையும் செய்யாமல் இருப்பதைப் பார்க்கும் பழக்கம் நம் கண்களுக்கு இல்லை.

வீணையும் இரண்டு கையைக் கேட்கும்தானே, அதை எத்தனை பெண்கள் வாசிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண் பார்க்க வரும்போது வீணை வாசித்துக் காட்டிய பெண்களின் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வேறொரு பெண் இருந்தாள். சிலருடைய கை சும்மா இருக்க வேறு சிலருடைய கை வேலை செய்தது. வீணை தனம்மாள் கதை வேறு. இசையே பிழைப்பாக இருந்த மரபில் வந்தவர், அவருக்கு வாசிப்புதான் வேலை. இந்த இரண்டு வகைக்கும் நடுவே, கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இடையில் இருக்கும் பெண்ணுக்கு வாத்தியம் இல்லை, குரல் மட்டுமே. அப்புறம் வீணை உட்கார்ந்த இடத்தில் இருக்கும். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடலாம். அந்த பயமும் சேர்ந்துகொள்கிறது.

கிடார் ஆண்களுக்கான வாத்தியம் என்பதே சமீபத்துக் கற்பனை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது வரவேற்பறைப் பெண்களின் வாத்தியமாகவும் இருந்தது. லண்டனில் கேத்தரினா பிராட்டன் என்ற பெண் கிடார் ஆசிரியராகவே வாழ்ந்து 1895இல் இறந்தார். விக்டோரியா அரசியின் மகள் லூயிஸ் இளவரசிக்கும் அவர்தான் பாடம் சொன்னார். தொடக்கநிலையினருக்காக அவர் எழுதிய எளிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. அன்றைய கிடார் சின்ன உடம்போடு இருந்தது. பின்னால் சத்தம் பெரிதாக வேண்டும் என்று உடலைப் பெரிதாக்கினார்கள். இன்று கடையில் கிடைக்கும் பெரிய கிடாரை நான் மடியில் வைத்தால் வலது தோள் காது வரை ஏறிவிடுகிறது. வாத்தியார் பையன், "நிமிர்ந்து உட்காருங்கக்கா" என்கிறான். நிமிர்ந்தால் கை எட்டவில்லை. முக்கால் அளவு கிடார் வாங்கியபின் சரியானது. சிறுவர்களுக்கானது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

பிராட்டனின் மாணவிகளும் வேலைக்காரர்கள் இருந்த வீட்டுப் பெண்கள்தான். என் அம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கே இல்லை. எலிசபெத் காட்டனிடம் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் 1893இல் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் 3.75 டாலருக்குத் தன் முதல் கிடாரை வாங்கினார். இடது கைப் பழக்கம் உள்ளவர். சொல்லித்தர யாரும் இல்லாததால் வலது கைக்காரர்களுக்கான கிடாரைத் தலைகீழாகப் பிடித்தார். மற்றவர்கள் கட்டைவிரலால் கீழ்ச்சுரமும் விரல்களால் ராகமும் மீட்டினால், அவர் விரல்களால் கீழ்ச்சுரத்தையும் கட்டைவிரலால் ராகத்தையும் மீட்டினார். அந்த முறைக்கே இன்று அவர் பெயர் இருக்கிறது. திருமணமானது, குழந்தை பிறந்தது, தேவாலயம் உலகியல் பாட்டு வேண்டாம் என்றது. கிடார் போனது. பல பத்தாண்டுகள் கழித்து இசைக்கலைஞர்களான சீகர் குடும்பத்தில் வீட்டு வேலைக்கு இருந்தபோது சுவரில் தொங்கிய கிடாரை எடுத்து வாசித்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அவருக்கு அறுபது கடந்திருந்தது. சிறுவயதில் அவர் கட்டிய பாட்டு அதற்குள் கடல் கடந்து, இங்கிலாந்தில் வேறு ஆண்களின் பெயரில் பதிவாகியிருந்தது. பிறகே அவருக்கு உரிமை வந்தது.

இதை நெகிழ்ச்சிக் கதையாகப் படிப்பவர்கள் உண்டு, திறமை தோற்காது என்று. நான் அப்படிப் படிக்கவில்லை. நடுவில் போன அந்தப் பல பத்தாண்டுகளை என்னால் தாண்ட முடியவில்லை.

நம் சினிமாவுக்கு வருவோம். கிடார் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது பாடப்புத்தகம் வழியாக அல்ல, திரை வழியாக. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் மோகன் கையில் கிடாரோடு 'இளைய நிலா' பாடியபின் எத்தனை பையன்கள் கிடார் கேட்டு அடம்பிடித்திருப்பார்கள்! நாம் கேட்கும் அந்த விரல்கள் சந்திரசேகர் என்ற கலைஞருடையவை. இருபத்தாறு ஆண்டு கழித்து 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா ரயிலில் கிடாரை மீட்டுகிறார், எதிரில் அமர்ந்த பெண் கேட்கிறாள். பாட்டுகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டிலும் பெண் இருக்கும் இடம் ஒன்றே, கேட்கும் இடம். கிடார் பிடித்த நாயகர்கள் பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்தவர்களாகவே திரைக்கு வருகிறார்கள். கற்றுக்கொள்ளும் அசிங்கமான மாதங்களை நாம் பார்ப்பதில்லை. அதனால் தொடக்கக்காரியின் சத்தம் வீட்டில் கேட்டதும் அது இசையாகவே தெரிவதில்லை. தொந்தரவாகத் தெரிகிறது.

பண்ணைப்புரத்துக் கதையிலேயே இன்னொரு துணுக்கு உண்டு. பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் கம்யூனிஸ்ட் மேடைகளுக்குப் போன இளையராஜா, குரல் உடையும்வரை பெண்குரல் பாட்டுகளைப் பாடியிருக்கிறார். பெண்ணின் பாட்டு மேடைக்கு வேண்டும், பெண் மேடைக்கு வர வேண்டியதில்லை. புரட்சி பேசிய மேடை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பிறகு சினிமாவில் ஜானகி வந்தார், பெண் குரல் வந்தது. இசையமைக்கும் நாற்காலிக்கு மட்டும் பெண் வர இன்னும் வெகுகாலமானது. இளையராஜாவின் மகள் பவதாரிணி 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர் மை ஃபிரண்ட்' படத்துக்கு இசையமைத்தவர். 2024 ஜனவரியில் அவர் இறந்து, இதே பள்ளத்தாக்கின் கோடியில் லோயர் கேம்ப்பில் பாட்டி, அம்மா நினைவிடங்களுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டபோது, தலைப்புச் செய்திகள் அவரைப் பாடகி என்றே எழுதின. குரல்தான் நினைவில் நின்றது.

எனக்கு இப்போது ஏழாவது மாதம். ஈ மைனர், ஜி, சி, டி நான்கும் வந்துவிட்டன. எஃப் வரவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய கார்ட் அது. உலகம் முழுக்கத் தொடக்கக்காரர்கள் கைவிட்டுப் போகும் இடமும் அதுதான். கணவரோடு பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இரவு எட்டரை முதல் ஒன்பது வரை தோசை அவர் பொறுப்பு, கதவு சாத்தியிருக்கும். முதல் மாதம் மூன்று தடவை கதவைத் தட்டி சட்னி எங்கே என்றார். இப்போது தட்டுவதில்லை.

விடுமுறைக்கு மேகமலைக்குப் போகும்போது கிடாரையும் கொண்டுபோகிறேன். அங்கே ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும், கம்பியில் துரு ஏறும், அரை மணிக்கொரு தரம் சுருதி கூட்ட வேண்டும். போன முறை அம்மாவோடு வேலை செய்த ஒரு சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்படிப் பிடிக்கணும்?" என்றார். கையில் கொடுத்தேன். ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும். வைத்துக் காட்டினேன். அவர் அழுத்திய வேகத்தில் ஆறு கம்பியும் ஒரு கரகரப்பும் இல்லாமல் ஒலித்தன. எனக்கு அது வர மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னொரு தரம் மீட்டினார், இன்னொரு தரம். உள்ளேயிருந்து பேத்தி கூப்பிட்டாள். "இருடி, கை வேலையா இருக்கு" என்றார்.